தாவீது அழித்த சுவர்

கவரைப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. சைக்கிளை விட்டு இறங்கி நின்றேன். ஷிப்டு முடிந்து கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து வந்த ஒருவர் என்னை அடையாளம் கண்டு, "சார், விசயம் தெரியாதா? சுண்ணாம்பு தாவீது பூட்டாரு. காலைல" என்றார். கூட்ஸ் வண்டி முழுதும் கடந்து போனது. கேட் திறந்தபிறகும் நின்றிருந்தேன். பின்னாலிருந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துத்தான் என்னை நகர்த்தினார்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் பஞ்சாயத்து ஆபீசில் தாவீது தினக்கூலி. நான் நிரந்தர எழுத்தர். சாக்கடைக்கு மருந்து அடிப்பது, பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிப்பது, தேர்தல் வந்தால் சுவர்களை அழிப்பது அவர் வேலை. என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் என்னை 'சார்' என்றார். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எங்கள் ஊரில் சுவர் எழுத்துக்கு விதி இருந்தது. பொதுச் சுவரில் யாரும் எழுதக் கூடாது. சொந்தச் சுவரென்றால் வீட்டுக்காரர் கடிதம் கொடுக்க வேண்டும். அதில் ஆபீஸ் முத்திரை விழ வேண்டும். சட்டம் இப்படி இருக்க, ஊர் வழக்கம் வேறு. யார் முதலில் வெள்ளையடித்து ஓரத்தில் கட்சி எழுத்தைப் போட்டானோ, சுவர் அவனுடையது. இரண்டுக்கும் நடுவில் வாளியோடு நின்றவர் தாவீது. ஒருமுறை பள்ளிக்கூடச் சுவரில் இரண்டு கட்சியும் எழுதிவிட்டார்கள். அவர் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு ஆளைக் கூட்டிவந்து நிறுத்தினார். இவன் வேட்பாளர் பெயரில் ஓர் எழுத்து, அவன் வேட்பாளர் பெயரில் ஓர் எழுத்து என்று மாற்றி மாற்றி அழித்தார். ஒருவர் பெயர் ரொம்ப நீளம். அந்தப் பக்கம் மட்டும் இரண்டிரண்டு எழுத்தாக. "அழிக்கிறதுல முன்ன பின்ன இருக்கக் கூடாது சார். எவன்து மொதல்ல அழியுதோ அவன் கட்டைய எடுத்துக்குனு வருவான்" என்பார். நாங்கள் சிரிப்போம். ஆனால் அவர் அழித்த சுவருக்காக ஊரில் ஒருவனும் அடிபட்டதில்லை.

அறுபதுகளின் கடைசியில் வந்த ஒரு தேர்தலில்தான் அது நடந்தது. கட்சிப் பெயர்கள் வேண்டாம். இரண்டிலும் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஒன்றுக்கு மரக்கடை வேணு, மற்றதற்குச் சைக்கிள் கடை பாலு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் ரோட்டில் ஒரு நீளச் சுவர் உண்டு. ரயிலை விட்டு இறங்குகிற அத்தனை பேர் கண்ணிலும் அதுதான் முதலில் படும். அந்த வீட்டு அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்து உள்ளே தடுப்பு எழுப்பியிருந்தார்கள். தெருச்சுவரை மட்டும் பிரிக்கவில்லை. அண்ணன்காரர் வேணுவின் கட்சிக்குக் கடிதம் கொடுத்தார். நான்கு நாள் கழித்துத் தம்பிக்காரர் பாலுவின் கட்சிக்குக் கொடுத்தார். எங்கள் பதிவேடு பெயர் வரிசையில் இருந்தது. நான் பெயரைத்தான் பார்த்தேன். கதவு எண்ணைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற தாவீது, "சார், இது அதே செவுரு ஆச்சே?" என்றார். "நீ உன் வேலையைப் பார்" என்று சொல்லிவிட்டு இரண்டாவது கடிதத்திலும் முத்திரையைக் குத்தினேன். நாலரை மணி ரயிலைப் பிடிக்கிற அவசரம் எனக்கு.

மறுநாள் பத்து மணிக்கு ஆள் ஓடிவந்தான். நானும் தாவீதும் போனபோது சுவரின் அந்தக் கோடியிலிருந்து ஒரு பெயரும் இந்தக் கோடியிலிருந்து ஒரு பெயரும் நடுவை நோக்கி வந்துகொண்டிருந்தன. எழுதுகிறவர்கள் கை நிற்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் பக்கத்துக்கு நாற்பது ஐம்பது பேர், சவுக்குக் கட்டையோடு. ஒரே ஒரு போலீஸ்காரர். அவர் டீக்கடைப் பக்கம் ஒதுங்கி நின்றார். கடைகள் ஒவ்வொன்றாகப் பலகை சாத்திக்கொண்டிருந்தன. வேணு ஒரு கடிதத்தை நீட்டினார். பாலு ஒரு கடிதத்தை நீட்டினார். இரண்டிலும் எங்கள் முத்திரை. அதன்மேல் கையெழுத்து வைக்கும் வழக்கம் அப்போது இல்லை.

"எனக்கு மொதல்ல குத்திட்டு அவனுக்கும் குத்தினது யாரு? அந்த ஆள இட்டுனு வா நைனா" என்றார் வேணு. குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. குத்தியவன் நான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சொல்லவில்லை. தாவீது வாளியைக் கீழே வைத்துவிட்டு எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"நாந்தாண்ணா. சார் ஊட்டுக்குப் பூட்டாரு. சீலு மேஜ மேல இருந்திச்சி. அவசரம்னாங்க, குத்திட்டேன்."

வேணுவின் ஆள் ஒருவன் அறைந்தான். அடுத்த அடி பாலு பக்கத்திலிருந்து விழுந்தது. தாவீது கையைக்கூடத் தூக்கவில்லை. உதட்டில் ரத்தம் வந்தது. துண்டால் துடைத்துக்கொண்டு, "அட்ச்சாச்சில்ல? இப்ப ரெண்டு பேரும் ஒதுங்கு. இந்தச் செவுரு யாருக்கும் இல்ல" என்று வெள்ளையடிக்கிற மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்தார். இங்கே ஓர் எழுத்து அழித்தார். அந்த நீளச் சுவரின் அடுத்த கோடிவரை நடந்து போய் அங்கே ஓர் எழுத்து. திரும்ப இங்கே. யாராவது ஒருவன் கட்டையை ஓங்கினால் போதும் என்கிற நிலை. எல்லோரும் அவர் நடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி எழுத்து போனபோது வேணு பீடி பற்றவைத்தார். கூட்டம் கலைந்தது.

மறுநாள் அவரிடம், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "உங்க மேல கை வெச்சா கேஸாவும் சார். கேஸானா ஊரே பேஜாரு. என்னைய அட்ச்சா கேக்கறதுக்கு எவன் வரப்போறான்? அடியோட போச்சி" என்றார். கசப்பில்லாமல்தான் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், வெட்கத்தால் அல்ல, நிம்மதியால். அதைச் சொல்லத்தான் இன்று வெட்கமாக இருக்கிறது.

ஆனால் அது அடியோடு போகவில்லை. விசாரணை வந்தது. வாக்குமூலத்தை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். செய்யாத குற்றத்தை என் கையெழுத்தில் எழுதி நீட்டினேன். அவர் கையொப்பம் போட்டார். அந்த மாதம் அவருக்கு வரவேண்டிய நிரந்தர உத்தரவு நின்றுபோனது. பிறகு வரவே இல்லை. எனக்குப் பதவி உயர்வு வந்தது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு ஆள் எடுத்தபோது அவருக்கு வயது தாண்டியிருந்தது. கடைசிவரை தினக்கூலியாகவே அந்த ஆபீசைக் கூட்டினார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் "நாஷ்டா ஆச்சா சார்?" என்று கேட்பார், ஒன்றுமே நடக்காததுபோல. சில நாள் அந்தக் கேள்விக்குப் பயந்தே பின்வாசல் வழியாகப் போயிருக்கிறேன்.

சாவு வீட்டுக்குப் போனேன். பத்து வருடத்தில் அவர் வீட்டு வாசலை நான் மிதித்தது அன்றுதான். மகள் மேரி, இங்கே ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். எனக்கு நாற்காலி போட்டாள். "ஆபீஸ்னா அப்பாவுக்கு உசிரு சார். அன்னிக்கு அந்த சீல குத்தாம இருந்திருந்தா எங்க பொழப்பே வேற" என்றாள்.

"குத்தினது நான்தாம்மா" என்றேன்.

அதுவரை அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அழுகை நின்றிருந்தது. "எங்கம்மா சாவற வரிக்கும் அதச் சொல்லிச் சொல்லியே அவர ஏசிச்சி சார். நாங்களும் ஏசனோம். ஒரு நாளு கூட அவரு வாயத் தொறக்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா இருக்கச்ச ஒரு வாட்டி நீங்க வந்திருக்கலாம்" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். நான் அந்த நாற்காலியில் உட்காரவில்லை.

அவரிடமிருந்து துணிவைக் கற்றேன், நேர்மையைக் கற்றேன் என்றெல்லாம் எழுதினால் பொய். கற்றிருந்தால் பத்து வருடம் ஆகியிருக்காது. என்னிடம் மிஞ்சியிருப்பது, தன் வீட்டுக்குள்ளேயே அவர் எனக்காகப் பேசாமல் இருந்த அந்தப் பத்து வருடம்தான். அதைத் திருப்பித் தர வழியில்லை. மேலதிகாரிகள் இதைப் படித்து என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். அந்த இரண்டாவது முத்திரையைக் குத்தியவன் நான். வேண்டாம் என்று தடுக்கப் பார்த்தவர் தாவீது அண்ணன்.