பின் சீட்டில் எவ்வளவு எடை?

என் பழைய சின்னக் காரை ஆசைப்பட்டுத் தரையோடு தரையாக இறக்கி வைத்திருக்கிறேன். போன வாரம் இங்கே சிங்கப்பூரில், ஆங் மோ கியோவில் ஒரு வேகத்தடை மேல் ஏறி இறங்கியபோது மாமியாரின் தலை கூரையில் இடித்தது. ஷாக் அப்சார்பரை மாற்றாவிட்டால் இனி பஸ்தான் என்று சொல்லிவிட்டார்.

அதனால் இன்று நானும் மனைவியும் மாமியாரும் பூன் லே ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். மெக்கானிக் செல்வா இரண்டு ஜோடியை எடுத்து வைத்தார்.

"இறக்குன வண்டிக்கு ரெண்டுமே நீளம் சரியா இருக்கும். வெயிட் கம்மின்னா சாஃப்ட், ஜாஸ்தின்னா ஹார்ட். பின்னாடி எவ்வளவு வெயிட் ஏறும்?"

பின்னால் உட்காருவது மாமியார் மட்டும்தான். பக்கத்திலேயே நின்றிருந்தார். கைப்பேசியில் ஓடிக்கொண்டிருந்த அவர் விரல் நின்றது.

மனைவி என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு வியர்த்துவிட்டது.

"ஒரு... அம்பது கிலோ," என்றேன்.

செல்வா மாமியாரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஷ்யூரா?"

"ஷ்யூர் லா."

சாஃப்ட்டை மாட்டிவிட்டார்.

அங்கிருந்து காய்கறி வாங்கத் தேக்கா சந்தைக்குப் போனோம். கார் பார்க் வேகத்தடை வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தேன்.

டொம்!

மாமியார் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அந்தத் தம்பிக்கு வேலையே தெரியல மாப்பிள்ள. நாளைக்கே போய் நல்லா கேளுங்க. நானும் வர்றேன்."

மாமியாரிடம் எடையைக் கேட்டுவிட்டு, இன்னும் அவர் கையால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் யாராவது இருந்தால், எப்படிக் கேட்டீர்கள் என்று விடிவதற்குள் சொல்லுங்கள்.