மேலிடத்தைக் கேட்ட குளிர்காலம்

கிழக்கு பெர்லினின் குளிர்காலம் என்றதும் எனக்கு மூக்கில் ஏறுவது வீட்டுக்கு வீடு எரித்த பழுப்பு நிலக்கரியின் புகைதான்; "ஐயோ, நெய்வேலியத் தூக்கிட்டு வந்து இங்க வெச்சுட்டாங்களா" என்று அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். அப்பா அங்கே எங்கள் நாட்டுத் தூதரகத்தில் அதிகாரி. "மேலிடம்" என்ற ஒன்றைக் கேட்காமல் தூதரகத்தார் தும்மக்கூட மாட்டார்கள். என் பள்ளிச் சுற்றுலாவுக்கே ஒருமுறை மேலிடத்துக்குத் தந்தி போயிற்று.

சுவர் விழுந்து, மெழுகுவர்த்தியோடு தெருவில் நின்ற ஜனங்களின் முன்னால் கிழக்கு ஜெர்மனி அரசு பொலபொலவென்று உதிர்ந்த அந்த மாதங்களில், தூதரகங்களில் யாரும் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. நேற்றுவரை "மாண்புமிகு" போட்டு விருந்துக்கு அழைத்தவர்களின் பெயரைச் சொல்லவே கூசினார்கள், அவ்வளவுதான். அப்படி விருந்துக்கு வந்துபோனவர்களில் ஒருவர் வெர்னர் அங்கிள். அந்த அரசின் வெளியுறவு அமைச்சகத்தில் எங்கள் தூதரகத்தைக் கவனித்துக்கொண்ட அதிகாரி. ஞாயிறானால் எங்கள் வீட்டுத் தோசைக்கு ஆஜராகிவிடுவார். அவர் மகள் காத்ரினுக்கும் என்னைப்போல் ஒன்பது வயது. விடுமுறை நாட்களில் என் கட்டிலில் பாதி அவளுடையது.

ஒரு மாலை அவர் அவளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். பழைய ஆட்சியின் ஆள் என்று அவர் வீட்டு ஜன்னல்களை யாரோ கல்லெறிந்து உடைத்திருந்தார்கள். ஊரில் இந்தக் கொந்தளிப்பு அடங்கும்வரை குழந்தையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். அப்பா அவர் தோளைத் தொட்டு, வெகு கனிவாக, மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். "உங்க மேலிடத்தக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க! கொழந்தைய உள்ள விடுங்க!" என்று அம்மா உள்ளிருந்து கத்தினாள். அப்பா கதவைச் சாத்தினார். மெதுவாகத்தான் சாத்தினார்.

மறுநாள் காலையில் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு ஓடினாள். வீடு காலி. எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தவர்களும் சொல்லவில்லை.

இப்போது எனக்கு ஸ்டுட்கார்ட்டில் வேலை. எப்போதாவது பெர்லின் போனால் அந்தத் தெருவில் நடப்பேன். அந்த அரசு இல்லை, அந்த நாடே இல்லை, தூதரகம் இருந்த கட்டடத்தில் பல் ஆஸ்பத்திரி நடக்கிறது. காத்ரினைத் தேடாத இடமில்லை, கிடைக்கவில்லை.

போன மாதம், ஓய்வு பெற்றுச் சென்னையில் இருக்கும் அப்பாவிடம் போனில் அன்று கதவைச் சாத்தியதைச் சொல்லிச் சண்டை போட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை.

"நீ சின்னப் பொண்ணு, உனக்கு அப்போ தெரியாது," என்றார். "நான் கேக்காம விடலம்மா. கொஞ்ச நாள்லயே பதில் வந்துது. தாராளமா வெச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க."