சில்வர் டாங்காவும் மேல்கோட்டைக் குரங்கும்

'சில்வர் டாங்கா' காசெட்டைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால், பாட்டு வருவதற்கு முன்னால், கடுகு போடுவதற்காகக் காய்ந்துகொண்டிருக்கும் எண்ணெயைப் போல ஒரு மெல்லிய இரைச்சல் கேட்கும். அந்த இரைச்சல் கேட்டால் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று அர்த்தம். மைசூரில் நான் வளர்ந்த வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவின் தங்கை கல்யாணி அத்தை, நான் என்று நான்கே பேர். ஆனால் ஞாயிறு காலைகளில் டிரம்ஸ், கிடார், அக்கார்டியன், பாட்டு என்று இன்னும் நான்கு பேர் கூடத்துக்கு வந்துவிடுவார்கள்.

நான் பிறப்பதற்கு முன்பே ஊரைக் கலக்கிவிட்டுக் கலைந்துபோன உள்ளூர் இசைக்குழு அது. அவர்கள் அரங்கில் வாசித்ததை யாரோ பதிவு செய்து காசெட்டாகக் கொண்டுவந்திருந்தார்கள். அதில் எல்லோரும் 'குதிரைப் பாட்டு' என்று சொல்லும் பாட்டுதான் பிரசித்தம். டிரம்ஸ் குளம்புச் சத்தமாகத் தொடங்கி, வேகம் பிடித்து, அரண்மனை வாசலைச் சுற்றி ஓடும் டாங்கா குதிரைவண்டி போலப் பறந்துகொண்டிருக்கும்போது, நடுவில் சட்டென்று நின்றுவிடும். இரண்டு மூச்சு நேரம் ஒன்றுமே இருக்காது. அந்த நிசப்தத்தில், சபையிலிருந்து யாரோ இரண்டு விரலை வாயில் வைத்து அடித்த ஒரு நீண்ட விசில் கேட்கும். பிறகு குதிரை மறுபடி ஓடத் தொடங்கும்.

அந்த விசில் அப்பாவுக்கு ஆகவே ஆகாது. ஒரு ஞாயிறு தவறாமல், "எவனோ ஒரு போக்கிரி, நல்ல பாட்டை நடுவில விசிலடிச்சுக் கெடுத்து வெச்சிருக்கான். மாட்டினான்னா காதைத் திருகிடுவேன்" என்பார். ஒரு ஞாயிறு தவறாமல் அத்தை என் தொடையில் கிள்ளுவாள். ஏனென்றால் அந்தப் போக்கிரி அத்தைதான்.

இந்த ரகசியம் எங்கள் வீட்டில் எனக்கு மட்டுமே தெரியும். பத்தொன்பது வயதில் அத்தை வீட்டில் சொல்லாமல் அந்தக் கச்சேரிக்குப் போயிருக்கிறாள். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து, எல்லோருக்கும் முன்னால் விசிலடித்துவிட்டாள். விசிலடிக்க எங்கே கற்றாள் என்பதை இன்றுவரை சொன்னதில்லை. ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, நெற்றியில் ஒற்றைக் கோடு ஸ்ரீசூர்ணம், குரல் உயர்த்தாத பேச்சு என்றிருந்த அத்தையை அந்த விசிலோடு பொருத்திப் பார்க்கவே எனக்கு வெகுநாள் ஆயிற்று. "அது நான்தான்னு ஊருக்கே சொல்லணும் போல இருக்குடி" என்பாள். அடுத்த நிமிடமே, "ஒங்கப்பாக்கு மட்டும் தெரியப்படாது" என்பாள். தாத்தா காலமான பிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கியவர் அப்பா. என் தங்கை பொய்யே சொல்லமாட்டாள் என்பது அவருடைய வாழ்நாள் பெருமை.

அப்பாவுக்கு இன்னொரு பிரியமான விஷயம் இருந்தது: குரங்குக் கதை. அத்தை கல்லூரியில் படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழி குடும்பத்தோடு மேல்கோட்டைக்குப் போனாளாம். மலையேறிச் சேவித்துவிட்டு இறங்கும்போது ஒரு குரங்கு பாய்ந்து வந்து, அண்ணாவுக்கென்று வைத்திருந்த புளியோதரைப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டதாம். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இதைச் சொல்வார். "பிரசாதம் போனா போறது, கொழந்தையைக் கடிக்கலையே" என்று முடிக்கும்போது குரல் தழுதழுக்கும். அத்தை அந்த நேரத்தில் எப்போதும் காபி கலக்க உள்ளே போய்விடுவாள்.

எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது, உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில் சில்வர் டாங்காவுக்கு அஞ்சலியாக ஒரு நிகழ்ச்சி வரப்போகிறது, இளைஞர்கள் அந்தப் பழைய பாட்டுகளை மறுபடி வாசிக்கப்போகிறார்கள் என்று அறிவித்தார்கள். அத்தைக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. "விசில வெப்பாளோ, எடுத்துடுவாளோ?" என்று என்னிடம் மட்டும் நூறு தடவை கேட்டாள்.

ஞாயிறு மாலை நால்வரும் பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்தோம். முதல் பாட்டிலேயே அத்தைக்குப் பொறுக்கவில்லை. "டாங்கா ஓட்டச் சொன்னா ஆட்டோ ஓட்டறான் பாரு! மெதுவாடா, குதிரைக்கு மூச்சு வாங்கறது!" என்று பெட்டியைப் பார்த்துக் கத்தினாள். அக்கார்டியனுக்குப் பதில் கீபோர்டைப் பார்த்ததும் "அய்யோ ராமா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்பாவின் கவலை வேறு. "மேடையில எதுக்குக் கறுப்புக் கண்ணாடி? பையனுக்கு 'மெட்ராஸ் ஐ' வந்திருக்கா?" என்று அம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் குதிரைப் பாட்டு வந்தது. அத்தை நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். குளம்புச் சத்தம், வேகம், ஓட்டம், பிறகு அந்த நிறுத்தம். ஒன்று, இரண்டு. விசில் இல்லை. மழித்த முகம் போல வழவழப்பாக அந்த இடத்தைக் கடந்து பாட்டு ஓடிப்போயிற்று.

"பாத்தியா!" என்று அப்பா தொடையைத் தட்டினார். "அந்தப் போக்கிரி இல்லாம பாட்டு எவ்வளவு லக்ஷணமா இருக்கு!"

அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. தன்னை ஊரிலிருந்தே விலக்கி வைத்துவிட்டதைப் போல உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகை வந்தது. சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். அவள் கை என் தொடையைத் தேடி வந்தது.

அப்போது மேடையில் தும்பைப்பூ போன்ற தலையோடு ஒரு பெரியவர் ஏறினார். சில்வர் டாங்காவின் டிரம்ஸ்காரர். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, பாட்டு நன்றாக இருந்தது, ஆனால் ஒன்று குறைகிறது என்று கன்னடத்தில் சொன்னார். அன்று அந்த நிறுத்தத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து நீலத் தாவணி போட்ட ஒரு பெண் விசிலடித்தாள், அதிர்ச்சியில் என் கையிலிருந்து குச்சியே விழுந்துவிட்டது, அதற்குப் பிறகு நாங்கள் எந்த ஊரில் வாசித்தாலும் ஜனங்கள் அந்த விசிலுக்காகக் காத்திருந்தார்கள் என்றார். "ஹௌதா? அப்படியா?" என்றார் அப்பா, வியப்போடு. பெண் என்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. பெரியவர் நிறுத்தவில்லை. கச்சேரி முடிந்ததும் அந்தப் பெண் மேடைக்குப் பின்னால் வந்தாள். கொடுக்க வேறொன்றும் இல்லை, மேல்கோட்டைப் பிரசாதம் என்று சொல்லி ஒரு புளியோதரைப் பொட்டலத்தை நீட்டினாள். பசியில் இருந்த நாங்கள் நான்கு பேரும் அங்கேயே பிரித்துச் சாப்பிட்டோம். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது என்றார்.

அப்பா மெதுவாகத் திரும்பினார். கணக்கு ஒவ்வொன்றாகக் கூடிவருவது அவர் முகத்திலேயே தெரிந்தது. மேல்கோட்டைக்குப் போனதற்குச் சாட்சியாகத் தோழி வீட்டில் முந்தைய நாளே வாங்கி வைத்திருந்த பொட்டலம் அது என்பதும், சந்தோஷ மிகுதியில் அதைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டு வாசலில் நின்றபோதுதான் குரங்கு பிறந்தது என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

"கல்யாணி," என்றார் அப்பா. "அந்தக் கொரங்கு டிரம்ஸ் வாசிக்குமா?"

அத்தை தரையைப் பார்த்தபடி, "மொத்தம் நாலு கொரங்கு, அண்ணா" என்றாள்.

அம்மா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். அப்பா சிரிக்கவில்லை. இருபது வருடங்களாக ஊருக்கெல்லாம் சொன்ன கதை அவர் கண்முன்னே கிடந்தது. பெட்டிக்குள் பெரியவர் தானே டிரம்ஸின் முன் உட்கார்ந்து, அந்தப் பெண் எங்கிருந்தாவது பார்த்துக்கொண்டிருந்தால் இந்த இடைவெளி அவளுக்குத்தான் என்று சொல்லிக் குச்சியை எடுத்தார். குதிரை கிளம்பிற்று. இந்த முறை ஆட்டோ இல்லை, டாங்காவேதான். நின்றது.

அத்தை அண்ணாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"என்னை என்ன பாக்கறே?" என்று கத்தினார் அப்பா. "பாட்டு போயிடும். அடி!"

அத்தை அடித்தாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்துகொண்டன. அன்று முதல் அப்பா விசில் வரும் இடத்தில் திட்டுவதை விட்டுவிட்டு, "எங்காத்துப் பொண்ணு" என்று வந்தவர்களிடம் சொல்ல ஆரம்பித்தார். குரங்குக் கதையையும் விடவில்லை. குரங்கின் எண்ணிக்கையை மட்டும் திருத்திக்கொண்டார்.

அப்பா இப்போது இல்லை. காசெட் நாடா நைந்து அறுந்துவிட்டது. அந்தக் கேபிள் தொலைக்காட்சியும் இல்லை. அன்றைய நிகழ்ச்சியை யாரும் பதிவு செய்து வைத்ததாகத் தெரியவில்லை. போன மாதம் யாரோ அந்தக் குதிரைப் பாட்டை இணையத்தில் ஏற்றியிருப்பதைப் பார்த்து, ஓடிப்போய் அத்தைக்குப் போட்டுக்காட்டினேன். இரைச்சலையெல்லாம் நீக்கிச் சுத்தம் செய்திருந்தார்கள். எண்ணெய் காயவில்லை. குதிரை ஓடிற்று, நின்றது. ஒன்று, இரண்டு. விசிலையும் சேர்த்துத் துடைத்துவிட்டிருந்தார்கள்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. அத்தை என் கையிலிருந்து கைபேசியை வாங்கி, மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னாள். பல்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அந்த இடம் வந்ததும் இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினாள். வெறும் காற்றுதான் வந்தது.

"விசில் எங்கே அத்தை?" என்றேன்.

அத்தை விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "கொரங்கு பிடுங்கிண்டு போயிடுத்து" என்றாள்.