சுகமில்லாதவர்களின் ஸ்டூல்

ஆரியசாலையில் நான் வேலை பார்க்கிற துணிக்கடைக்கு ஸ்டூல்கள் வந்திறங்கியபோது எங்களுக்கு வந்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. கடையில் நின்று வேலை செய்கிற பெண்களும் உட்காரலாம் என்று சட்டம் வந்திருந்தது. முதலாளி கவுண்டருக்கு ஒன்றாக சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போட்டார். காலையில் நிற்க ஆரம்பித்தால் மதியச் சோற்றுக்குத்தான் உட்காருவோம். என் வலது காலில் நரம்பு பச்சையாகச் சுருண்டு கிடப்பது அப்படி வந்ததுதான். அன்றைக்கு வீட்டுக்காரரிடம் அந்த ஸ்டூலைப் பற்றியே பேசித் தீர்த்தேன்.

ஆனால் யாரும் உட்காரவில்லை. முதலில் உட்கார்ந்தவள் காய்ச்சலோடு வந்த ஒருத்தி. அடுத்தவளுக்கு மாதவிலக்கு வயிற்றுவலி. அத்தோடு ஸ்டூல் சுகமில்லாதவர்களுக்கு என்று ஆகிப்போனது. யாரும் அப்படிச் சொல்லவில்லை, சூப்பர்வைசர்கூட வாய் திறக்கவில்லை. மற்ற நாட்களில் பிரித்துப் போட்ட சேலைகளை மடித்து அதன்மேல் அடுக்கினோம்.

நான் வள்ளியூரில் எட்டாம் வகுப்போடு நின்றவள், கல்யாணமாகி இந்த மலையாள ஊருக்கு வந்தவள். எனக்கு எதை எடுத்தாலும் பயம். நல்ல உடம்போடு உட்கார்ந்தால், தமிழச்சிகளை இவர்கள் சொல்கிறபடி, பாண்டிக்காரிக்கு மேல் வலிக்காமல் சம்பளம் வேணும் என்பார்களோ? வேலையை விட்டு நிறுத்திவிட்டால்? இப்படியே யோசித்து, அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே வருஷங்கள் நின்றிருக்கிறேன். சும்மா சொல்லவில்லை, கனவில்கூட உட்கார்ந்திருக்கிறேன்.

பிறகு ஒரு பெண் வந்தாள். கல்லூரியில் மனசைப் பற்றிப் படிக்கிறவள். கூட்டத்தோடு கூட்டமாக மனிதர்கள் ஏன் போகிறார்கள் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. முதலாளியிடம் அனுமதி வாங்கி, எங்களை ஒவ்வொருத்தியாக ஸ்டாக் ரூமுக்குக் கூப்பிட்டுக் கேட்டாள். உனக்கு உட்கார ஆசை உண்டா? உண்டு என்றேன், எனக்கே கேட்காத குரலில். மற்றவர்களுக்கு? அவர்களுக்கு நின்று பழகிவிட்டது, அவர்கள் கால் வேறு என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன்.

கொஞ்ச நாள் கழித்து வந்து எல்லோரையும் ஒன்றாக நிறுத்திச் சொன்னாள். யார் பெயரையும் சொல்லவில்லை. இரண்டு கேள்விக்கும் எல்லோருமே ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தோமாம். அடுத்தவர் நிற்பதைப் பார்த்து, நிற்கத்தான் அவருக்குப் பிடிக்கும் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறோம், இது எங்கும் நடப்பதுதான் என்றாள். நாங்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தோம். அவள் டீ குடித்துவிட்டுத் தம்பானூர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள்.

நாளைக்கு எல்லோரும் உட்காருவோம் என்று நினைத்துக்கொண்டே தூங்கினேன். மறுநாள் எல்லோரும் ஸ்டூலைப் பார்த்தோம், பிறகு ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, ஆனாலும் நின்றோம். முதலில் யார் என்பதை அந்தப் பெண் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகவில்லை.

போன மழையில் ஒரு மத்தியானம், கடையில் ஆளே இல்லை. சேலைக்கட்டைத் தூக்கிக் கவுண்டர்மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கண் வாசலிலேயே இருந்தது. ஆனால் கால்... தண்ணீருக்குள் விட்டதுபோல இருந்தது.

பக்கத்துக் கவுண்டர் சேச்சி ஓடி வந்தாள். எனக்கு முன்னால் சேர்ந்தவள், முட்டில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு நிற்கிறவள். "எந்தா மோளே, வய்யே?" என்று, உடம்புக்கு முடியவில்லையோ என நெற்றியில் கை வைத்தாள்.

தலைவலி என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. ஆனால் அந்த ஸ்டூல் என்றைக்கும் சுகமில்லாதவர்களுடையதாகவே இருந்துவிடும்.

"ஒண்ணுமில்ல சேச்சி. இருக்கணும் போல இருந்துச்சு, இருந்துட்டேன்."

கையை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பித் தன் ஸ்டூலைப் பார்த்தாள். அதன்மேல் வேட்டிகள் அடுக்கியிருந்தன. அதற்குள் குடையை மடக்கிக்கொண்டு ஒரு குடும்பம் உள்ளே வந்தது. நான் எழப்போனேன்.

"நீ அவிட இரி. ஞான் நோக்காம்," என்று என் தோளை அழுத்திவிட்டு, வந்தவர்களைக் கவனிக்கப் போனாள்.

அவள் சேலைகளை விரித்துப் போடுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றாள். வந்தவர்களுக்கு எந்த நிறமும் பிடிக்கவில்லை. சீக்கிரம் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு போகமாட்டார்களா, அவள் அந்த வேட்டிகளைத் தூக்கிக் கீழே வைக்கமாட்டாளா என்று இருந்தது எனக்கு.