திறந்து கிடந்த குப்பிகள்

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் அவளைக் கொழுப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. நரம்பு செல்லைச் சுற்றியிருக்கும் சவ்விலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து, அது எந்தச் சூட்டில் இளகுகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. வீட்டிலும் கிண்டலுக்குக் குறைச்சலில்லை. "ஊர்ல எல்லாரும் கொழுப்பைக் குறைக்க அலையுறாங்க, நீ அதைப் பத்திரமா எடுத்து வைக்கிறே," என்பான் புருஷன்.

விஷயம் என்னவோ சுலபம்தான். குளிரில் நெய் உறைவதுபோல அந்தச் சவ்வும் இறுகும். சூடு ஏற ஏற, ஒரு கட்டத்தில் சட்டென்று இளகும். கால்சியம் சேர்ந்தால் கதை வேறு. அது அக்கம்பக்கத்துக் கொழுப்புகளைச் சேர்த்துப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். இளக இன்னும் சூடு வேண்டும். கால்சியம் போட்ட குப்பி, போடாத குப்பி, இரண்டையும் மெஷினில் வைத்துச் சூடாக்கினால் திரையில் இரண்டு கோடுகள் தள்ளித் தள்ளி வரவேண்டும். அவளுக்கு வந்ததோ, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்ட கோடுகள். போடாத குப்பியும் போட்டதுபோலவே விறைத்துக்கொண்டு நின்றது, சனியன்!

என்னதான் செய்யவில்லை அவள்? குப்பிகளை அமிலத்தில் ஊறப்போட்டாள். தண்ணீரை மாற்றினாள், உப்பை மாற்றினாள், கையுறையை மாற்றினாள். அம்மா முட்டிவலிக்குப் போடும் கால்சியம் மாத்திரையைத் தொட்ட தோஷமோ என்று அதையும் தொடுவதை நிறுத்தினாள். "உலகமே கால்சியம் கால்சியம்னு முழுங்குது, இவ பேயை விரட்டுற மாதிரி விரட்டுறா," என்று அம்மா முணுமுணுத்தாள்.

பேராசிரியருக்கு இதெல்லாம் காதில் ஏறினால்தானே? தினமும் காலையில் வந்து நிற்பார். அவள் மேசைக்கு மேலே ஒரு கரும்பலகை. வழவழவென்று வெள்ளைப்பலகை வாங்கித் தருகிறோம் என்றாலும் கேட்கமாட்டார். சாக்பீஸ் பிடித்தால்தான் அவருக்கு மூளை ஓடுமாம். அதில் பரபரவென்று கோடு போட்டு, "இங்க இளக வேண்டியது உனக்கு ஏன் அங்க இளகுது? சுத்தமா வேலை செய்யத் தெரியாதா?" என்று திட்டித் தீர்ப்பார்.

அவர் வெளியூர்க் கூட்டத்துக்குப் போன அன்று மட்டும் கோடுகள் அழகாகப் பிரிந்து வந்தன. துள்ளிக் குதித்தாள். திரும்பி வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "நான் இல்லாதப்ப மட்டும் எப்படி வருது?" என்றார். ஏமாற்றுக்காரி என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அன்று கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மறுநாள் கோடுகள் மறுபடியும் ஒட்டிக்கொண்டன.

வெள்ளிக்கிழமையோடு மெஷின் மேல்மாடிக் குழுவுக்குப் போகிறது. அதற்குள் சரியாக வராவிட்டால் அவள் வேலையும் நீட்டிப்பில்லாமல் முடிந்துவிடும். வியாழன் காலை, கரைத்த கொழுப்பு காய்வதற்காகக் குப்பிகளைத் திறந்து, எப்போதும்போல மேசையில் ஒரு கருப்புத் தட்டில் வைத்திருந்தாள். பேராசிரியர் வந்தார். எழுதினார், திட்டினார், அழித்தார். டஸ்டரைப் பலகை ஓரத்தில் நாலு தட்டு தட்டினார். ஜன்னல் வெயிலில் வெள்ளைத்தூள் மெல்ல மெல்ல இறங்கித் தட்டில் படிந்தது. அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

அட கடவுளே, சாக்பீஸ் கால்சியம்தானே!

கோடு வரவில்லையென்று அவர் திட்டினார். அவர் திட்டியதால்தான் கோடு வரவில்லை. தட்டைத் தூக்கி அவர் முன்னால் நீட்டினாள்.

"சார், இந்தத் தூள்தான். தினமும் என் குப்பிக்குள்ள விழுந்திருக்கு. நீங்க இல்லாத அன்னைக்கு விழலை. அதான் சரியா வந்துச்சு."

அவர் தட்டைப் பார்த்தார். தன் விரல்களைப் பார்த்தார். "இதை முன்னாடியே பார்த்திருக்கக் கூடாதா நீ?" என்றார்.

ஒரு மன்னிப்பு? ம்ஹூம்.

"சரி, மேல்மாடிக்காரங்ககிட்ட இன்னும் ஒரு வாரம் கேட்டு வாங்குறேன். எத்தனை குப்பி புதுசா போடணும்னு பார்ப்போம்," என்று பலகைப் பக்கம் திரும்பி, புது சாக்பீஸ் ஒன்றை எடுத்தார்.

"சார்!"

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

"அதை முதல்ல கீழ வைங்க."

அவர் வைத்தார்.