காமு மன்னி ஊர் காட்டிய நாள்

காசிக்குப் போகிறவர்கள் எல்லோரும் புண்ணியத்துக்காகத்தான் போகிறார்கள் என்று நான் நம்புவதில்லை. பாதிப் பேர் வழியில் கல்கத்தா பார்க்கலாம் என்றுதான் மூட்டை கட்டுகிறார்கள். தேசத்தின் ராஜதானி இன்னும் தில்லிக்குப் போகாத காலம் அது. மதராஸிலிருந்து ஹௌராவுக்கு நேர் ரயில் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. டிராமுக்கு மின்சாரம் புதிசு. கும்பகோணத்திலோ பாலக்காட்டிலோ யாராவது காசி யாத்திரை என்று வாயைத் திறந்தால் போதும், பக்கத்திலிருப்பவர், "கல்கத்தாவிலே நம்ம அனந்தகிருஷ்ணன் இருக்கானே, இரண்டு நாள் தங்கி எல்லாத்தையும் பார்த்துட்டுப் போங்கோ" என்று எங்கள் விலாசத்தைக் கொடுத்துவிடுவார்.

எங்கள் விலாசம் பவானிபூரில் ஒரு சின்னச் சந்து. கீழே அனந்தகிருஷ்ணன் அண்ணாவும் அவர் மனைவி காமு மன்னியும். மாடி அறையில் நான். அண்ணாவும் நானும் ஒரே சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தாக்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. சாப்பாடு மன்னி கையால். அவர்களுக்குக் குழந்தை கிடையாது. வீடு வெறிச்சென்று போகாமல் விருந்தாளிகள் பார்த்துக்கொண்டார்கள்.

அண்ணா ஆபீஸில் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. விருந்தாளி வந்துவிட்டால் வேறு மனிதர். காளிகாட், அலிப்பூர் மிருகக்காட்சிசாலை, பரேஷ்நாத் கோயில், ஈடன் தோட்டத்தில் சாயங்கால பாண்டு வாத்தியம், எல்லாவற்றுக்கும் ஒரு பிரசங்கம் வைத்திருந்தார். கிளம்புவதற்கு முன்னால் காலைக் காபியோடு கூடத்தில் நின்று அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வார். "படித்துறையிலே இறங்கறோம். பனைமரச் சாலை முடிஞ்சதும் இப்படித் திரும்பறோம்" என்று கையை வீசிக் காட்டுவார். அவர் முன்னால் விருந்தாளி தூங்கி வழிந்துகொண்டிருப்பார். அதைப் பற்றி அண்ணாவுக்குக் கவலை இல்லை.

மியூசியத்தை மட்டும் கடைசியில் வைப்பார். காரணம், அங்கே இருக்கும் எகிப்துப் பிணம். ஆயிரக்கணக்கான வருஷத்துப் பிணமானாலும் பிணம் பிணம்தானே, தீட்டு உண்டா இல்லையா என்று ஒவ்வொரு கோஷ்டியும் சண்டை போட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டுக்கு வந்து தலை முழுகும். கிணற்றடியில் வைத்திருக்கும் என் தண்ணீரையும் சேர்த்து முழுகும். அந்த எகிப்துக்காரன் உயிரோடு இருந்தபோது யாருக்கு என்ன செய்தானோ, எனக்குச் செய்தது போதும்.

இவ்வளவு ஊர் காட்டிய அண்ணா காமு மன்னிக்கு எதையும் காட்டியதில்லை. வேண்டுமென்று செய்ததல்ல. யாத்திரைக்காரர்கள் வெளியில் கை நனைக்க மாட்டார்கள். பசியோடு திரும்பி வருவார்கள். வந்ததும் இலை போட்டாக வேண்டும். அப்படியானால் மடியாக ஒருத்தி அடுப்பங்கரையில் இருந்தாக வேண்டும். விருந்தாளி இல்லாத ஞாயிற்றுக்கிழமை அண்ணா அசதியில் குறட்டை விடுவார். கல்யாணமாகி வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் மன்னி பார்த்த கல்கத்தா காளிகாட்டும் கங்கைக் கரையும்தான்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிப்பூரில், ஊர்க்காரர்கள் கம்பெனி பாகான் என்று சொல்லும் பெரிய தோட்டத்தில் ஓர் ஆலமரம் இருக்கிறது. அண்ணாவின் பிரசங்கங்களிலேயே அதுதான் நீளம். "ஒரே மரம்! சுற்றளவு ஆயிரம் அடி! ஒரு பட்டாளமே கூடாரம் போடலாம்!" மன்னி ஒரு நாள் ரசத்தைக் கலக்கிக்கொண்டே என்னைக் கேட்டாள்: "ராஜு, நீ அந்த மரத்தைப் பார்த்திருக்கியோ?"

"இல்லை மன்னி. ஞாயிற்றுக்கிழமையை வெள்ளைக்காரன் மரம் பார்க்கிறதுக்கா விட்டிருக்கான்?"

"ஒரே மரம் எப்படி அவ்வளவு பெரிசா இருக்கும்? நானும் நினைச்சு நினைச்சுப் பார்க்கறேன், மனசுக்குள்ளே கொள்ள மாட்டேங்கறது." சொல்லிவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணா மேல் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு அவரிடமே கோபத்தைக் காட்டும் துணிச்சல் எனக்கு இல்லை.

அந்தத் தை மாதம் அண்ணாவின் சொந்த அக்கா மீனாக்ஷியும் அவள் கணவர் பட்டாபிராமனும் வந்தார்கள். பட்டாபிராமன் தஞ்சாவூரில் வக்கீல். பெரிய மீசை, பெரிய குரல், எதையும் குறுக்கு விசாரணை செய்யாமல் ஒப்புக்கொள்ள மாட்டார். முதல் நாள் காளிகாட்டையும் மிருகங்களையும் முடித்துவிட்டு, சாயங்காலம் நாங்கள் நாலு பேரும் டிராமில் திரும்பிக்கொண்டிருந்தோம். மறுநாள் ஆலமரம். அதற்கடுத்த நாள் கயாவுக்கு ரயில்.

"அத்திம்பேர், ஓடற டிராமிலேருந்து இறங்கறதுக்கு ஒரு வித்தை இருக்கு. கல்கத்தாக்காரனுக்குத்தான் வரும். இடது காலை முன்னாலே வெச்சு, முகத்தை நேரே பார்த்துண்டு, இதோ பாருங்கோ" என்றார் அண்ணா. பார்த்தோம். அண்ணா சாலையில் உட்கார்ந்திருந்தார். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிக்கொண்டிருந்தது.

வக்கீல் மெதுவாகக் குனிந்து கேட்டார்: "ஆக, இப்படி இறங்கப்படாது. அதுதானே சொல்ல வரே?"

மறுநாள் காலை அண்ணா காலில் புளியும் உப்பும் பற்றுப் போட்டுக்கொண்டு கூடத்தில் சாய்ந்திருந்தார். மரம் பார்க்கப் போவதில்லை என்று ஆகிவிட்டது. மீனாக்ஷி அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. வக்கீல் ஈசிசேரில் உட்கார்ந்து, இவ்வளவு தூரம் வந்தும் பார்க்காமல் போகிறோமே என்று விட்டத்தைப் பார்த்துப் புலம்பினார். அப்போது சமையலறை வாசலிலிருந்து காமு மன்னி சொன்னாள்:

"அக்கா, நான் அழைச்சுண்டு போறேன்."

"நீயா?" என்றார் அண்ணா.

"எனக்கு எல்லாம் பாடம். சாந்த்பால் காட் படித்துறையிலே ஸ்டீமர் ஏறணும். தோட்டத்துப் படித்துறையிலே இறங்கணும். பனைமரச் சாலை. அப்புறம் திரும்பினா மரம்."

"சமையல்?"

மீனாக்ஷி அக்கா பளிச்சென்று எழுந்தாள். "ஏண்டா அனந்து, காலுக்குத்தானே சுளுக்கு? கை நன்னாத்தானே இருக்கு? மணைப் பலகையைப் போட்டுண்டு அடுப்புக்கு முன்னாலே உட்காரு. காமு, நீ புடவையை மாத்திண்டு வா."

அத்திம்பேர் ஏதாவது சொல்வார் என்று அண்ணா பார்த்தார். அத்திம்பேர் ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். ஆண் துணைக்கு நானும் போகவேண்டும் என்று முடிவாயிற்று. அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். என்னை யாரும் கேட்கவில்லை.

மன்னி தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஸ்டீமரில் ஏறினாள். ஏறும்போது பலகை ஆடியது. என் தோளைப் பிடித்த பிடியில் அவள் பயம் எனக்குத் தெரிந்தது. வாய் மட்டும் நிற்கவில்லை. வக்கீலோடு அவள் நேருக்கு நேர் பேசுவதில்லை, அந்தக் காலத்து வழக்கம். அக்காவிடம் சொல்வாள், அக்கா காதில் விழுந்தது அவர் காதிலும் விழும். "அக்கா, அதோ பாருங்கோ, சீமைக்குப் போற கப்பல். அக்கா, அது சணல் ஏத்தற படகு." நூறு தடவை வந்து அலுத்தவள் மாதிரி கையைக் காட்டினாள். காட்டிய பிறகுதான் அவளே பார்த்தாள். அப்போதெல்லாம் அவள் கண் விரிவதை நான் மட்டும் கவனித்தேன்.

"உங்க தம்பியைவிட இவள் தேவலை. சுருக்கமா சொல்றா" என்றார் வக்கீல் அக்காவிடம்.

அவள் முகத்தில் ஒரு பெருமை வந்தது. கூடவே ஒரு கலக்கமும். இவர்கள் எதிரில் குட்டு உடைந்துவிடக்கூடாதே என்று அவளுக்கு. உடைந்துவிடக்கூடாதே என்று எனக்கும்.

தோட்டத்தில் இறங்கினோம். பனைமரச் சாலை அவள் சொன்னபடியே வந்தது. சாலை முடிந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு இடது பக்கம் கையைக் காட்டி, "இப்படி" என்றாள்.

நடந்தோம். குளம் வந்தது. மூங்கில் வந்தது. பெயர் தெரியாத சீமை மரங்கள் வரிசையாக வந்தன. ஆலமரம் வரவில்லை. வெயில் ஏறிற்று. வக்கீலின் மீசை வியர்வையில் தொங்கத் தொடங்கியது. ஆயிரம் அடி மரம் கண்ணில் படாமல் இருக்க அதென்ன கடுகா என்று அவர் காற்றிடம் கேட்டார். மன்னி இன்னும் வேகமாக நடந்தாள். ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம். எந்தப் பக்கம் வந்தோம் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

கடைசியில் நிழலாக ஒரு தோப்பு வந்தது. உள்ளே குளுகுளுவென்று இருந்தது. தூண் தூணாக மரங்கள், தலைக்கு மேலே ஒரே கூரையாக இலை. மன்னி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, இந்தத் தோப்பிலே கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போலாம். இதைத் தாண்டினா ஆலமரம் வந்துடும்."

உட்கார்ந்தோம். கூஜாத் தண்ணீரும் வாழைப்பழமும் அமிர்தமாக இருந்தன. அக்கா காலை நீட்டிக்கொண்டாள். வக்கீல் ஒரு மரத்தில் சாய்ந்து கண்ணை மூடினார். மேலே கிளிகள் கத்தின. அணில் ஒன்று பழத்தோலுக்காக என் கால் வரை வந்து போயிற்று. நான் தூங்கியே போயிருப்பேன். வாளியோடு போய்க்கொண்டிருந்த தோட்டக்காரர் ஒருவரை மன்னி கூப்பிட்டு, அந்தப் பெரிய ஆலமரம் எங்கே என்று தன் அரைகுறை வங்காளியில் கேட்டாள்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். எங்கள் நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "மா, இதுதான் அந்த மரம். மரத்துக்குள்ளே உட்கார்ந்துண்டு மரத்தைக் கேக்கறேளே!" என்று அவர் சொன்னது வங்காளி தெரியாத வக்கீலுக்கே புரிந்துவிட்டது. தூண்கள் எல்லாம் விழுதுகள். தோப்பு என்று நாங்கள் நினைத்தது ஒரே மரம்.

மன்னி எழுந்தாள். ஒரு விழுதைத் தொட்டாள். அது மேலே போய்க் கிளையில் சேரும் இடம் வரை பார்த்தாள். அந்தக் கிளை இன்னொரு விழுதுக்கும், அது இன்னொரு கிளைக்கும் போவதைப் பார்த்துக்கொண்டே நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். ஆயிரம் அடியும் பட்டாளமும் நாக்கு நுனியில் இருந்தவள் அவற்றை மறந்தே போனாள்.

வக்கீல் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். முதல் தடவையாக அவளையே நேராகப் பார்த்து, குரலை இறக்கிக் கேட்டார். "அம்மா, நீ இதுக்கு முன்னாடி இங்கே வந்ததே இல்லையா?"

மன்னியும் அவருக்கு நேராகவே பதில் சொன்னாள். "இல்லை. எங்கேயுமே போனதில்லை."

சொன்னதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள். மீனாக்ஷி அக்கா அவளை இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு, தன் தம்பியைத் தஞ்சாவூர்ப் பாஷையில் கொஞ்ச நேரம் அர்ச்சனை செய்தாள். எனக்கு மனசு குளிர்ந்தது. அப்புறம் யாரும் கிளம்புவோம் என்று சொல்லவில்லை. ஸ்டீமர் ஊதும்வரை அந்த மரத்துக்குள்ளேயே இருந்தோம். வக்கீல் ஒரு விஷயத்தைக்கூட குறுக்கு விசாரணை செய்யவில்லை.

திரும்பும்போதுதான் வழி தவறியது எப்படி என்று புரிந்தது. பனைமரச் சாலை முடிந்ததும் வலது பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அண்ணா கூடத்தில் சமையலறையைப் பார்த்து நின்றுகொண்டு வலது கையை வீசுவார். உள்ளேயிருந்து பார்க்கிறவளுக்கு அது இடது பக்கம். அவள் பாடம் பண்ணியது அதைத்தான்.

வீட்டில் அண்ணா மணைப் பலகையில் காலை நீட்டிக்கொண்டு, முகமெல்லாம் கரியாகக் காத்திருந்தார். ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. நாங்கள் யாரும் அதைச் சொல்லவில்லை.

"சுத்தளவு சொன்னியோ? பட்டாளத்தைச் சொன்னியோ?" என்று ஆவலாகக் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலை" என்றாள் மன்னி. "பார்த்துண்டே இருந்தோம்."

அக்கா நடந்ததைச் சொன்னாள். தோப்பு என்று உட்கார்ந்த இடம் வந்ததும் அண்ணா கைகொட்டிச் சிரித்தார். மன்னி வக்கீலுக்குச் சொன்ன பதில் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தார். எங்களைப் பார்க்காமல் அவளையே கேட்டார்.

"உள்ளே எப்படி இருந்தது?"

"ஏன், நீங்க பார்த்ததில்லையா?"

"வெளியிலே நின்னுடுவேன், காமு. மரத்துக்கு முதுகைக் காட்டிண்டு, வந்தவாளைப் பார்த்துப் பேசிண்டே இருப்பேன். பேசி முடிக்கறதுக்குள்ளே ஸ்டீமர் வந்துடும்." "கால் சரியாகட்டும். என்னை அழைச்சுண்டு போறியா?"

"வாங்கோ. ஆனா வழியிலே நீங்க பேசப்படாது" என்றாள் மன்னி.

கால் சரியாக மூன்று ஞாயிறு பிடித்தது. நாலாவது ஞாயிறு காலை மன்னி நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அண்ணா கையில் தடி. அதே நேரத்தில் ஒரு வண்டி வந்து நின்றது. பாலக்காட்டுக் கோஷ்டி ஒன்று மூட்டை முடிச்சோடு இறங்கியது. காசிக்குப் போகிறார்களாம்.

மன்னி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பங்கரைப் பக்கம் திரும்பினாள். அவள் முகம் கொஞ்சம்கூட மாறவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அண்ணா கையை நீட்டி அவளை நிறுத்தினார்.

"வாங்கோ, வாங்கோ, உள்ளே வந்து உட்காருங்கோ" என்றார் வந்தவர்களிடம். "நானும் இவளும் வெளியிலே போயிட்டு சாயங்காலம் வருவோம். நம்ம ராஜு உங்களுக்குக் காபி போட்டுச் சமைச்சும் போடுவான்."

இரண்டு பேரும் டிராமுக்கு நடந்தார்கள். எனக்கு அடுப்பு மூட்டவே தெரியாது என்பது அண்ணாவுக்கு நன்றாகத் தெரியும். நான் ஊதுகுழலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புகையில் கண் எரிந்தது. ஆனாலும் அன்றைக்கு எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை.