அது யாருடைய துடிப்பு?

ஜுலைகா அக்கா இறந்துவிட்டார் என்று சக நர்ஸ் காதருகே வந்து சொன்னபோது, மும்பை செம்பூர் பிரசவ வார்டில் ஒரு பெண்ணின் நாடியை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை தவறியது. மறுபடி எண்ணினேன், மறுபடியும் தவறியது. அழுவதா, எண்ணுவதா என்றே புரியவில்லை.

அவருடன் வேலை பார்த்த நர்ஸ்களான உங்களுக்கு அந்தப் பழக்கம் தெரியும். வலியில் இருப்பவளின் வயிற்றில் மானிட்டர் பெல்ட்டைக் கட்டி, குழந்தையின் இதயத்துடிப்பு திரையில் ஓடத் தொடங்கிய பிறகும் தாயின் மணிக்கட்டை விடமாட்டார். நாங்கள் கேலி செய்வோம். "மெஷினுக்கு அம்மா யாரு, புள்ள யாருன்னு தெரியாதுளா" என்பார். தாராவியிலேயே பிறந்து வளர்ந்தும் திருநெல்வேலிப் பேச்சு போகாதவர்.

எட்டு வருடங்களுக்கு முன் அதே வார்டுக் கட்டிலில் நான் பிரசவ வலியில் கிடந்தேன். காய்ச்சலில் என் நாடியும் வேகமாக ஓடியது. திரையில் நூற்று முப்பது, குழந்தைக்குச் சரியான அளவு, என்று காட்டியதும் எல்லோருக்கும் நிம்மதி. அக்கா மட்டும் என் நாடியையும் திரையையும் மாறி மாறிக் கவனித்தார்.

"ஏளா, இது ஒன் துடிப்பு. புள்ளையோடதக் காணும்."

பெல்ட்டை நகர்த்தித் தேடினார். கொஞ்ச நேரம் தொண்ணூறு என்று, குழந்தைக்கு மிகக் குறைவாக, கேட்டது. பிறகு அதுவும் நழுவியது. டாக்டரை நச்சரித்து வரவழைத்தார். அரை மணிக்குள் ஆபரேஷன் நடந்தது.

மகள் வெளியே வந்ததும் வார்டே அதிர அழுதாள். ஒரு குறையும் இல்லை. டாக்டர் முகம் சுளித்தார். பெல்ட் நகர்ந்ததால் வந்த கோளாறாக இருக்கலாம், சுகப்பிரசவமே ஆகியிருக்கும் என்றார். தையல் வலித்த நாட்களில் அக்காமேல் எரிச்சல் வந்தது. மகள் சிரித்தால் அவர் கைகளைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. எது சரி என்று கேட்க நினைத்தேன். தினமும் சேர்ந்து டீ குடித்தும் கேட்கவில்லை. அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகும் போனில் வேறு என்னென்னவோ பேசினோம்.

மான்குர்த்தில் அவர் வீட்டுக்கு மகளையும் கூட்டிக்கொண்டு துக்கம் விசாரிக்கப் போனேன். அக்காவின் மகள் என் மகளை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அந்தப் புள்ள இவதானா? நல்லா இருந்த புள்ளைக்கா வயித்தக் கீற வச்சேன்னு உம்மா கடைசிவரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

சந்தேகமே இல்லாதவர் என்று நான் நினைத்திருந்த மனுஷி. அவருக்கும் தெரியவில்லை. தெரியாமலேதான் டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றைத்தான்.

நேற்று எனக்கும் திரை குழப்பியது. டாக்டரைக் கூப்பிட்டேன். ஒன்றுமில்லாததற்கு வரவழைத்ததாகத் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.